படியாமற் பகிர்தல்

ஒரு நூலைப் பற்றிப் பலரறியக் கருத்துரைப்பது சமூகச் செயலாகும். அச்செயலில் இறங்குபவன் நூலாசிரியனுக்கும் வாசகனுக்கும் மட்டுமன்றி, அவ்விருவரும் வாழும் சமுதாயத்துக்கும் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டவன். இலங்கையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றிய நாள்முதல் நம்மவர் வற்புறுத்தி வந்த கொள்கை இது. இன்று கருத்துரைக்கும் களம் மாறிவிட்டது. சஞ்சிகைப் பக்கங்களிலும் ஞாயிறு இதழ்களிலும் நடைபெற்ற விமர்சனம் பெரும்பாலும் முகநூலுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் குடிபெயர்ந்துள்ளது. நூல் அறிமுகம், ஓவியம், குறும்படம், கவிதை, கூலியுயர்வுக் கோரிக்கை ஆகிய யாவும் ஒரே கைத்தொலைபேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. களம் மாறிய வேளையில் கொள்கையும் நழுவிப் போயிற்றா என்பதே இங்கு நாம் ஆராய விழையும் வினா.

நன்மையை முதலிற் சொல்லிவிடுவோம். கலஹாவிலோ புசல்லாவையிலோ ஒரு தோட்டத்து இளைஞன் எழுதிய கவிதை அச்சேற வேண்டுமாயின், முன்பு தலைநகரிலுள்ள ஒரு பத்திராதிபரின் கண்ணில் அது பட வேண்டியிருந்தது. இன்று அவன் எழுதிய இரவிலேயே அதனை நூறு பேர் படிக்கின்றனர். தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கையை ஆதரித்து 2018 ஒக்டோபர் 24இல் கொழும்புக் காலிமுகத்திடலில் மலையக இளைஞர் கறுப்புடை தரித்துத் திரண்டபோது, அதற்கான அழைப்பு முகநூல் வழியாகவே பெரிதும் பரவியது. திரையிற் பிறந்த சொல் தெருவுக்கும் வந்தது. அந்தச் சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய கருவியை இகழ்ந்து ஒதுக்குவது பேதைமை.

சொல்லைப் பலரிடம் கொண்டு சேர்க்கும் வேட்கை மலையகத்துக்குப் புதிதுமன்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1930களில் தொழிலாளரின் குறைகளைப் பாட்டாக்கி, மக்கள் நன்கறிந்த மெட்டுகளிற் கூட்டங்களிலே பாடினார்; அவற்றைச் சிறு பிரசுரங்களாகவும் அச்சிட்டு வழங்கினார். கண்டியிலிருந்து 1960களில் 'மலைமுரசு' வந்தது. 2000ஆம் ஆண்டில் தி. ஞானசேகரனை ஆசிரியராகக் கொண்டு 'ஞானம்' இந்நகரிலிருந்தே வெளிவரத் தொடங்கியது. இவை யாவும் தம் காலத்துப் பகிர்வுச் சாதனங்களே. ஆனால் அவற்றில் ஓர் இடைவெளி இருந்தது. படித்தவன் எழுத வேண்டும். எழுதியதை ஆசிரியர் பார்க்க வேண்டும். அச்சுக் கோக்க வேண்டும். அந்த இடைவெளியில் எழுதியவன் தன் சொல்லை மறுமுறை எடைபோட்டான்.

பேராதனையிற் பயின்ற க. கைலாசபதி 1959இல் 'தினகரன்' ஆசிரியப் பொறுப்பேற்றுப் புதிய எழுத்துக்கு இடமளித்த காலத்தையும், அதனை அடுத்து எழுந்த 'மரபுப் போராட்ட'த்தையும் இங்கே நினைவு கூரலாம். சாதாரண மக்களின் பேச்சு வழக்கு இலக்கியத்துக்கு ஏற்றதா என்று நடந்த அவ்விவாதத்திற் கடுஞ்சொற்களுக்குக் குறைவில்லை. எனினும் எதிர்த் தரப்பின் வாதத்தை எடுத்துக் கூறியே அதனை மறுக்க வேண்டியிருந்தது. விவாதம் முடிந்தபோது ஈழத்துத் தமிழ் எழுத்து ஓரடி முன்னேறியிருந்தது.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். ஒரு நூல் வெளியாகின்றது. வெளியீட்டு விழா முடிந்த மாலையிலேயே அதன் அட்டைப்படம் முகநூலில் ஏறுகின்றது. 'காலத்தின் கண்ணாடி', 'மலையகத்தின் மனச்சாட்சி', 'அவசியம் படிக்க வேண்டிய நூல்' என்று சில சொற்களில் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. விருப்பக் குறிகள் குவிகின்றன. வாழ்த்துரைத்தவருள் எத்தனை பேர் நூலின் பத்தாம் பக்கத்தைத் தாண்டியிருப்பர்? நூலின் கதைமாந்தர் பெயர் ஒன்றேனும் அப்பதிவுகளில் இடம்பெறுவது அரிது. கதை நிகழும் தோட்டம் எது, கங்காணி எவ்வாறு சித்திரிக்கப்படுகிறான், கொழுந்து பறிக்கும் பெண் தன் வாயால் ஒரு வார்த்தை பேசுகிறாளா, அவளைப் பற்றி மற்றவர்களே பேசி முடித்துவிடுகின்றனரா என்ற வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. எழுப்புபவர் பொறாமைக்காரர் என்று பெயரெடுக்கின்றார்.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுவதை நாம் அறிவோம். லயன் அறைகளிலிருந்து முதற் தலைமுறையாக எழுத வரும் ஒருவருக்கு வேண்டியது ஊக்கமே. கத்தியை நீட்டலாகாது என்பர். நல்லெண்ணத்திற் பிறந்த வாதந்தான். ஆயினும் அதனுள்ளே ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கின்றது. கொழும்பிலோ சென்னையிலோ இருந்து வரும் நாவலை வரிவரியாக ஆராய்பவர்கள், மலையகத்துப் பெண்ணின் சிறுகதையைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர் என்றால், அவள் எழுத்து ஆராயத் தகுந்ததன்று என்பதுதானே அதன் உட்பொருள்? ஒடுக்கப்பட்டோரின் இலக்கியத்துக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அதனை முழுமையாகப் படிப்பதேயாகும். தெளிவத்தை ஜோசப் தம் 'மலையகச் சிறுகதை வரலாறு' என்னும் நூலில் அத்தகைய மரியாதையைத் தம் மக்களின் எழுத்துக்குச் செய்தார். சஞ்சிகைகளிற் சிதறிக் கிடந்த கதைகளைத் தேடிப் படித்தவர் அவர்.

வெற்றுப் புகழ்ச்சியால் நட்டமடைபவர் யார்? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. கண்டிக் கடைகளில் ஒரு நாவலின் விலை அதனை விஞ்சிவிடுவதுண்டு. அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவன் பகிர்வை நம்பி நூலை வாங்குகிறானென்றால், தாயின் ஒருநாள் உழைப்பை அதற்கு ஈடாகக் கொடுக்கிறான். அவனிடம் உண்மை பேச வேண்டிய கடமை நமக்கில்லையா?

படியாமற் பகிரும் பழக்கம் புகழ்ச்சியோடு நிற்பதுமில்லை. கண்டி வாழ் மக்களாகிய நமக்கு அதன் மறுமுகம் நன்கு தெரியும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதென்ற கதை காணொளியாகப் பரவிற்று. அங்கே கண்டது வெறும் மாவுப் பொருளே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அதே வாரத்தில் நம் மாவட்டத்திலும் தீ மூண்டது. தெல்தெனியவில் வீதிப் பிணக்கொன்றிற் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். சிலர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாகத் திரையிலே உருமாறியது. திகன, மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை முதலிய இடங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்குதலுக்குள்ளாயின. எரிந்த வீடொன்றில் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் நாடெங்கும் முடக்கப்பட்டன. வன்முறைக்குத் தன் தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தந் தெரிவித்தது. இரண்டாண்டு கழித்து வந்த வருத்தம் எரிந்த கடைக்குக் கூரையாகாது.

இலக்கியமும் இதே நோயினாற் புண்பட்டது. சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பௌத்த விகாரை வாழ்வைத் தொட்டுத் தாம் எழுதிய சிறுகதையொன்றை முகநூலில் இட்டார். 2019 ஏப்பிரல் 1இல் அவர் கைது செய்யப்பட்டு, நான்கு மாதங்கள் மறியலில் இருந்தார். 2021இல் வழக்கினின்றும் விடுவிக்கப்பட்டார். கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் 2017இல் வெளியிட்ட 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கின்றதென்று குற்றஞ்சாட்டப்பட்டது. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதான அவர் 2021 டிசெம்பரிலேயே பிணையில் வெளிவந்தார். 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழறிந்து அந்நூலைப் படித்தவர்களோ அதில் வன்முறைக்கு எதிரான குரலையே கண்டனர். ஒரு மெலிந்த கவிதை நூல். ஒரே மாலையிற் படித்து முடிக்கலாம். அந்த ஒரு மாலை வாசிப்பு உரிய நேரத்தில் உரியவர்களிடம் இல்லாதுபோனமையால் ஒரு மனிதனின் வாழ்நாளில் ஒன்றரை ஆண்டு சிறையிற் கழிந்தது. 'நவரசம்' வெளிவந்த காலத்தில் அதைப் பற்றிப் பத்துப் பேர் பொறுப்புடன் எழுதி, அவற்றுள் இரண்டேனும் சிங்களத்துக்குப் போயிருந்தால், பொய் அவ்வளவு எளிதில் நிலைபெற்றிருக்குமா? விமர்சனத்தின் அருமை இத்தகைய நாட்களிலேதான் தெரிகின்றது.

நண்பனின் நூலைப் படியாமற் புகழ்வதையும் அயலானின் கடையை எரிக்கத் தூண்டுவதையும் ஒரே தராசில் வைப்பது நம் நோக்கமன்று. ஒன்று பலவீனம், மற்றது குற்றம். ஆயினும் இரண்டையும் சாத்தியமாக்கும் பழக்கம் ஒன்றே. கண்ணாற் கண்டதும் விரலால் அனுப்புதல்; இடையில் அறிவுக்கு வேலை கொடாமை. அப்பழக்கத்தை வளர்ப்பதில் இத்தளங்களின் முதலாளிகளுக்கு இலாபமுண்டு. விளம்பரமே அவர்களின் பெரும் வருவாய். எவ்வளவு நேரம் நம் கண் திரையிலே பதிந்திருக்கின்றதோ அவ்வளவுக்கு அவர்களின் பெட்டி நிறையும். ஆத்திரமும் முகத்துதியும் கண்ணைப் பிடித்து வைக்கும் ஆற்றல் மிக்கவை. நிதானமான விமர்சனத்துக்கு அவ்வாற்றல் குறைவு. சந்தையின் நியதி இவ்வாறிருக்க, முற்போக்காளரும் அதே நியதிக்குத் தாளம் போடுவது விந்தையினும் விந்தை.

சட்டத்தினால் இதனைத் திருத்திவிடலாமென்று சிலர் எண்ணுகின்றனர். 2024இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஒரு சிறுகதைக்கும் ஒரு கவிதைத் தொகுதிக்கும் நேர்ந்ததைக் கண்ட பின்னர், எது தீங்கான சொல் என்று தீர்மானிக்கும் உரிமையை அதிகாரத்திடம் ஒப்படைக்க நம் மனம் துணியவில்லை. வாசகரை வளர்ப்பதே நம்மாலாகும் வேலை. வகுப்பறையில் மாணவருக்குக் கவிதையின் நயத்தைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள், ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கவும் பழக்க வேண்டும். இலக்கிய விமர்சனம் கற்பிக்கும் வினாக்களும் இவையே.

எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளையும் இங்கே முன்வைக்கின்றோம். முகநூலில் எழுதினும் நூலை முடித்த பின்னரே எழுதுக. புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் நூலின் உள்ளிருந்து ஓர் இடத்தையேனும் சான்றாகக் காட்டுக. நூலாசிரியர் நண்பராயின் அதனை மறையாது கூறுக. பலரும் பேசும் நூலைப் பற்றிப் பதினோராவது ஆளாகப் பேசுவதிலும், எவரும் பேசாத ஒரு நூலை முதல் ஆளாக எடுத்துரைப்பது மேல். எழுதியதைத் திரையோடு விட்டுவிடாது சஞ்சிகைக்கும் அனுப்புக. முகநூற் பதிவு ஒரு வாரத்தில் ஆழத்தில் அமிழ்ந்துவிடும். பிறகு தேடினாலும் அகப்படாது. 2005 முதல் 'நூலகம்' இணையத்தளத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோர்க்கும் இலவசமாகத் திறந்து வைத்துள்ளனர். 'மல்லிகை'யும் 'ஞான'மும் அங்கே கிடைக்கின்றன. அச்சில் வந்த விமர்சனமே அவ்வாறு அடுத்த தலைமுறையின் கைக்கு எட்டுகின்றது.

கண்டிக்கென்று தனியே ஒரு கடமையும் உண்டு. சிங்களமும் தமிழும் ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் அமர்ந்து செல்லும் நகரம் இது. இரு மொழியிலும் வல்ல ஆசிரியர்களும் மாணவர்களும் பேராதனையிலும் நகரப் பாடசாலைகளிலும் இருக்கின்றனர். அவர்கள் ஒரு சிங்கள நாவலைத் தமிழருக்கும், ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுதியைச் சிங்கள வாசகருக்கும் மாதமொருமுறை இதே முகநூலில் விரிவாக அறிமுகஞ் செய்யலாம். பணம் வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை. அயலான் என்ன எழுதுகிறான் என்று அறிந்தவனிடம் அயலானைப் பற்றிய பொய் வந்து சேரும்போது, 'நான் அறிந்த மனிதன் இவனல்லவே' என்று ஐயுறுவதற்கு ஒரு காரணம் அவனிடம் இருக்கும். 2018 மார்ச்சில் அந்த ஐயம் நம் மாவட்டத்திற் போதிய அளவு இருக்கவில்லை.

பகிர்வது எவர்க்கும் எளிது. பகிர்ந்த சொல்லுக்குப் பொறுப்பேற்பதே கடினம். கடினமான அப்பணியை மேற்கொள்ளும் இளைஞர்கள் மலையகத்தில் இல்லாமலில்லை. அவர்கள் எழுதட்டும், நாம் படித்து மறுமொழி சொல்வோம்.