‘குரலின் வடிவம்’: யப்பானியப் பாடசாலைக் கொடுமையின் திரைச் சித்திரிப்பு

யப்பானியப் பாடசாலைகளில் ‘இஜிமே’ எனப்படும் சகமாணவர் கொடுமை, இரு சிறுவரிடையே எழும் பூசல் அன்று. ஒரு குழு தன்னுள் ஒருவரைத் தெரிந்தெடுத்துத் தொடர்ந்து வதைக்குஞ் செயலாகும். 1986இல் தோக்கியோவின் நக்கானோ பகுதியைச் சேர்ந்த பாடசாலை மாணவன் ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவன் உயிரோடிருக்கையிலேயே வகுப்பறையில் அவனுக்குப் போலி ஈமச்சடங்கு நிகழ்த்தப்பட்டமையும், அதன் இரங்கல் அட்டையில் ஆசிரியர் சிலரும் ஒப்பமிட்டிருந்தமையும் அப்போது வெளியாகின. அவ்வாண்டிலேயே சமூகவியலாளர் மொரிட்டா யோஜியும் கியோநாகா கெஞ்சியும் இக்கொடுமையின் அமைப்பை நான்கு அடுக்குகளாக வகுத்துக் காட்டினர். வதைபடுவோர், வதைப்போர், கண்டு களிப்போர், கண்டும் காணாதிருப்போர் என்பனவே அவை. ஒட்சு நகரில் 2011இல் நிகழ்ந்த மற்றொரு மாணவ மரணத்தின் எதிரொலியாக 2013இல் இக்கொடுமையைத் தடுத்தற்கான சட்டமும் இயற்றப்பட்டது. இப்பின்னணியில் வைத்தே, நவோகோ யமடாவின் நெறியாள்கையில் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘கொயே நோ கத்தாச்சி’ (குரலின் வடிவம்) என்ற அசைவோவியத் திரைப்படத்தை நாம் நோக்குதல் வேண்டும். யொஷித்தோக்கி ஓய்மா 2013-2014 காலப்பகுதியில் தொடராக வரைந்த சித்திரக்கதையே இதன் மூலமாகும்.

ஆறாந் தர வகுப்பொன்றுக்குச் செவிப்புலனற்ற ஷோக்கோ நிஷிமியா புதிதாக வந்து சேர்கிறாள். ஷோயா இஷிடா என்னுஞ் சிறுவன் அவளைக் கேலி செய்கிறான். அவளது கேட்டற் கருவிகளைப் பறித்தெறிகிறான். ஐந்து மாதங்களில் எட்டுக் கருவிகள் பழுதாகியோ தொலைந்தோ போனபின்னர்தான் அதிபர் வகுப்பறைக்கு வருகிறார். வகுப்பாசிரியர் தக்கேயுச்சி உடனே இஷிடாவின் பெயரைச் சொல்லி அவனை எழுந்து நிற்கச் செய்கிறார். ஒரு கணமுந் தயங்காது அவர் பெயரைக் கூறுவதே, நடந்தவற்றை அவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். உடன் சிரித்த உவெனோ, கவாய் முதலியோர் தம் பங்கை மறுக்கின்றனர். அன்றுதொட்டு வதைபடுவோன் ஷோயாவே. ஆள் மாறுகிறான்; அமைப்பு மாறவில்லை. சமூகவியலார் வகுத்த நான்கு அடுக்குகளையும் சில நிமிடங்களில், விரிவுரை எதுவுமின்றி, இப்படம் உணர்த்திவிடுகின்றது.

நன்மை செய்ய முயல்வோரை இவ்வமைப்பு நடத்தும் முறையையும் படம் நுணுக்கமாகக் காட்டுகின்றது. நாடோறும் காலையில் மூன்று நிமிடம் சைகை மொழி கற்கலாம் என்ற யோசனையை சஹாரா என்னுஞ் சிறுமி ஏற்க முன்வருகிறாள். அதன் விளைவாக அவளும் ஏளனத்துக்கு ஆளாகி, வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். ஏனையோர் வாய்மூடியிருப்பதன் காரணத்தை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

ஷோக்கோவின் இடையறாத புன்னகையும் மன்னிப்புக் கோரலும் அவளைக் குறையற்ற தெய்வப்பிறவியாக்கிவிட்டன என்று குறைகூறுவோர் உளர். நாம் இதனை முற்றாக ஏற்பதற்கில்லை. அப்புன்னகை அவள் பண்பன்று; அவள் அணிந்துகொண்ட கவசம். தன்னாலேயே பிறர் துன்புறுகின்றனர் என்ற எண்ணம் அவளைச் சாவின் விளிம்புவரை இட்டுச்செல்வதே இதற்குச் சான்று. எனினும் அவளது அகவுலகை நாம் பெரும்பாலும் ஷோயாவின் கண்வழியாகவே அறிகிறோம். மூலச் சித்திரக்கதையில் அவளுக்கும் ஏனைய நண்பர்க்கும் தனித்தனி அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. திரைப்படத்தில் அவை இல்லை.

வளர்ந்த ஷோயா எதிர்ப்படுவோர் முகங்களில் எல்லாம் நீலநிறப் பெருக்கற்குறியைக் காண்கிறான். பிறரை நேர்நோக்க இயலாத குற்றவுணர்வை இதனினும் எளிய உத்தியால் புலப்படுத்தல் இயலாது. இறுதியில் பாடசாலை விழாவின்போது அக்குறிகள் யாவும் உதிர்ந்து வீழ்கின்றன, அவன் அழுகிறான். உள்ளத்தைத் தொடும் காட்சியே இது. ஆயின், இவ்விடத்தேதான் எமது வினாவும் எழுகின்றது. உதிர்ந்தவை ஒருவனது உள்ளத்துக் குறிகள் மாத்திரமே. அவற்றைத் தோற்றுவித்த வகுப்பறை என்னவாயிற்று?

மூலத்தில், நண்பர்கள் கூடித் திரைப்படமொன்று எடுக்க முனைகின்றனர். அதன்பொருட்டுப் பழைய பாடசாலைக்குச் சென்று தக்கேயுச்சியை மீண்டும் சந்திக்கின்றனர். அவரது மனப்பான்மை அங்கு வெளிப்பட்டுவிடுகின்றது. யமடாவின் படமோ இக்கிளைக்கதையை முற்றாக நீக்கிவிட்டது. ஏழு தொகுதிகளை ஏறத்தாழ 130 நிமிடங்களுள் அடக்குதற்குச் சிலவற்றை விலக்கல் தவிர்க்கவியலாதது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலக்கப்பட்டது ஆசிரியரின் பொறுப்பு என்பது கருதத்தக்கது. அவர் முதற்பகுதியோடு மறைந்துவிடுகிறார். பிள்ளைகள் மட்டும் ஆண்டுக்கணக்கிற் பழிசுமந்து, ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி, ஒருவரையொருவர் மன்னித்தும் கொள்கின்றனர்.

வதைத்த ஒருவனை அரக்கனாக்காது மனிதனாகவே நோக்கும் நேர்மை இப்படத்தின் தலையாய சிறப்பு. அச்சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தனிமனிதரின் மனந்திருந்தலைக் கொண்டு நிறுவனமொன்றின் கடனைத் தீர்த்துவிட முடியாது. படத்தின் மூலப்பெயரிற் குரலைக் குறிக்கும் பழைய எழுத்துருவினுள் ‘செவி’ என்பதற்குரிய குறியீடு அடங்கியுள்ளது. கேளாதிருந்தவள் ஷோக்கோ அல்லள், அவளைச் சூழ்ந்திருந்தோரே என்பது இப்படம் உணர்த்தும் உண்மை. அவ்வாறு கேளாதிருந்தோருள் முதலில் வைத்து எண்ணப்படவேண்டியவர் கரும்பலகையருகே நின்றவர் என்பதையும் அது இறுதிவரை நினைவிற் கொண்டிருக்குமாயின், அதன் நேர்மை முழுமை பெற்றிருக்கும்.