பரமார்த்த குருவும் மிலேச்சனும்

வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யை முழுவதுமாகப் படித்தவர்கள் நம்மிடையே சிலரே. அதிலிருந்து ஒரு கதையேனும் கேட்டிராதவர் அனேகமாக எவருமிலர். ஆற்றைக் கொள்ளிக்கட்டையால் தொட்டு, அது விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று சோதித்த சீடனை மறைக்கல்வி வகுப்பிலேயே சந்தித்தவர்கள் நாம். மறையுரை மேடையிலும் அக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைச் சொல்லி வந்திருக்கிறோம். எதற்காகச் சொன்னோம் என்பதையும் ஒளிக்காமல் கூறிவிடுவது நல்லது: பிற சமயத்துப் போலிக் குருக்களைச் சுட்டிக் காட்டவே சொன்னோம். கோயிலில் சிரிப்பலை எழும். மறையுரை நன்றாயிருந்தது என்று பலிபூசை முடிந்தபின் சிலர் கூறுவர். அந்தச் சிரிப்பு விழவேண்டிய இடத்தில்தான் விழுந்ததா என்ற ஐயம் அண்மையில்தான் நமக்கு எழுந்தது. அதை எழுப்பியவர் நம் நூலாசிரியரைப் போலவே ஓர் அந்நிய நாட்டு ஆசிரியர்.

புதுச்சேரிக்கு அந்நிய ஆசிரியர் புதியவரல்லர். 1826-இல் இங்கே பிரெஞ்சுப் பள்ளி தொடங்கிய காலம்தொட்டு, கடல் கடந்து வந்து கரும்பலகையின் முன் நிற்பவர்களை இவ்வூர் கண்டு வருகிறது. நாம் குறிப்பிடும் இளைஞர் பிரெஞ்சு மொழி கற்பிக்க ஒப்பந்தத்தில் வந்தவர். எந்தப் பள்ளி என்பது இங்குத் தேவையில்லை. மாலை வேளைகளில் தமிழ் கற்க நம் பங்கு இல்லத்திற்கு வருவார். பாடத்தைவிட அவருடைய மனக்குறைகளே பெரும்பாலும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். பெரிய மார்க்கெட்டில் தமக்கு மட்டும் ஒரு தனி விலை இருப்பது, பதிவுக்காக ஓர் அலுவலகத்திற்கு மூன்று முறை நடந்தும் ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் குறைந்தது, வீட்டுக்காரர் ‘நாளைக்கு’ என்று சொன்னால் அது எந்த நாள் என்று தெரியாதது, விடைபெறுகிறவர் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது, இப்படி நீளும். எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது வகுப்பறைதான். “சாமி, ‘புரியுதா?’ கேட்டா எல்லாரும் தலை ஆட்டறாங்க. பரீட்சையில ஒண்ணும் இல்லை. அந்தத் தலைக்கு என்ன அர்த்தம்?” என்று ஒருநாள் கேட்டார். அது ஆமாம் என்பதன்று, ‘நீங்கள் வருத்தப்பட வேண்டாம்’ என்பது என்றோம். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பேச்சுத் தமிழ் பழக அவருக்கு எந்த நூலைக் கொடுப்பது என்று எண்ணியபோது பரமார்த்த குருவே நினைவுக்கு வந்தார். அது பொருத்தமானதும்கூட. ஏனெனில் இந்நூல் தமிழர் சிரிப்பதற்கென்று எழுதப்பட்டதன்று. தமிழ் கற்க வந்த ஐரோப்பிய மறைப்பணியாளர்களுக்குப் பயிற்சி நூலாக, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் இதை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் ஆக்கினார். 1822-இல் இலண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் இதனை அச்சிட்டபோதும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் முதற்கதைக்கு இலக்கண விளக்கமும் சேர்த்தே வெளியிட்டார். கும்பெனி அலுவலர் தமிழ் படிக்க வேண்டுமே. (இந்தப் பாபிங்டன் பின்னாளில் மருத்துவராகித் தொண்டைக்குள் பார்க்க ஒரு கருவி அமைத்தார். தமிழின் ழகரத்தோடு போராடியதன் விளைவோ என்னவோ!) ஆக, நூலின் முதல் வாசகர் அந்நியர். எழுதியவரும் அந்நியர். இந்த எளிய உண்மையை மறந்துவிட்டே நாம் இத்தனை ஆண்டுகளும் கதை சொல்லி வந்திருக்கிறோம்.

கொன்ஸ்தான்சு பெஸ்கி 1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். 1710-இல் இந்தியா வந்தபோது அவருக்கு வயது முப்பது. முப்பது வயதில் ஒரு மொழியை முதலெழுத்திலிருந்து தொடங்கியவரின் தவிப்பு அவருடைய நூல்கள் எங்கும் தடம் பதித்திருக்கிறது. அக்காலச் சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் குழம்பிக் கிடந்தன. பிறவித் தமிழர்க்கு அது இடர்ப்பாடு அன்று. சொல்லை முன்பே அறிந்தவர் எப்படியும் படித்துவிடுவார். அறியாதவர்தாம் தடுமாறுவார். தடுமாறியவரே குறில் நெடில் வேற்றுமையைத் தெளிவாக்கினார். நிகண்டுகளைச் செய்யுளாகவே மனனம் செய்வது இங்குள்ள வழக்கம். சிறுவயதில் மனனம் செய்யாத ஒருவருக்கு அகர வரிசை வேண்டியிருந்தது. 1732-இல் சதுரகராதி பிறந்தது. இவற்றைத் தமிழ்த்தொண்டு என்று போற்றுகிறோம். போற்றத்தக்கவையே. ஆனால் ஒரு மாணவனின் எரிச்சலும் அவற்றின் பின்னே உண்டு என்பதை விழாமேடைகளில் யாரும் சொல்வதில்லை.

இனி நூலுக்கு வருவோம். மடத்தில் ஒரு குரு; மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர். ‘மடம்’ என்ற சொல்லுக்குத் துறவியர் உறைவிடம் என்றும் அறியாமை என்றும் இரு பொருள் உண்டு. அந்தச் சிலேடையிலேயே நூல் குடியிருக்கிறது எனலாம். நண்பர் சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டு வந்தபோது நான்கு பெயர்களுக்கு எளிதில் பொருள் சொல்லிவிட்டோம், எல்லாம் முட்டாள்தான். ‘மிலேச்சன்’ என்பதற்கு வந்ததும் சற்றே தயங்கினோம். அவர் விடவில்லை. “வெளிநாட்டான்; பேச்சு விளங்காதவன்; ஆசாரம் அறியாதவன்” என்றோம். அவர் ஒரு கணம் நம்மைப் பார்த்துவிட்டு, “அப்போ நான்!” என்று உரக்கச் சிரித்தார்.

அச்சிரிப்பு நமக்கு நூலைத் திறந்துவிட்டது. நிகண்டுகளைத் துருவி அகராதி கண்டவருக்கு இச்சொல்லின் பொருள் தெரியாதிருக்க வழியில்லை. அவரும் அவர் உடன்பணியாளரும் மறைவாகவும் வெளிப்படையாகவும் கேட்டுப் பழகிய ஏச்சு அது. ‘பரங்கி’ என்ற பெயரிலிருந்து தப்புவதற்காகவே தத்துவ போதகர் தெ நோபிலி காலந்தொட்டு மதுரை மறைப்பணித் தளத்தார் காவியுடுத்திப் புலால் நீக்கிச் சந்நியாசிகளாய் வாழ்ந்தனர் அல்லவா? மக்கள் அவர்களை என்னவென்று அழைத்தனர்? ‘குரு’ என்று! அவர்களைச் சூழ்ந்து நடந்தவர் யாவர்? வேதியர்களும் சீடர்களும். இப்போது மறுபடியும் நூலைப் படித்துப் பார்க்கவேண்டும். சீடர் புடைசூழ ஊர் ஊராய் அலையும் குருவும், சீடர் கூட்டத்தில் ஒருவனாய் நிற்கும் மிலேச்சனும் எழுதியவருக்கு அயலார்தாமா?

கதைகளை அந்நியனின் கண்ணால் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறாகத் தெரிகிறது. ஆற்றின் மேலுள்ள அச்சத்தைக் கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சியில் பணிபுரிந்தவர் கற்பனையில் பெற்றிருக்க வேண்டியதில்லை. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைக்கு வாங்கும் கதை, பொருளின் பெயர் தெரியாதவன் சந்தையில் படும் பாடுதான். (அதை நம்மூரில் பரங்கிக்காய் என்கிறோம். அதிலும் உட்பொருள் உண்டென்று நாம் வாதிடப் போவதில்லை, இந்நூலிலோ பூசணிதான்.) வாடகை மாட்டின் நிழலில் அமர்ந்ததற்குத் தனிக்கூலி கேட்கப்படும் கதையை நண்பர் படித்துவிட்டு, தம் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார். எண்ணும்போது தன்னை எண்ணாமல் விட்டுவிட்டு ஒருவன் குறைந்தானென்று அழும் கதை இங்கிலாந்தின் கோத்தம் ஊரார் கதையிலும் உண்டு. எங்கிருந்து எங்குச் சென்றதென்பதை ஆய்வாளர்க்கு விடுகிறோம். எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், கூட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ள மறந்தவனின் கதை அது.

நூலின் உச்சம் தலைப்பாகைக் கதையே. குதிரைமேல் செல்லும் குருவின் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்காமல் வருகின்றனர். விழுவதையெல்லாம் எடுங்கள் என்று கடிந்ததும் குதிரையின் சாணத்தையும் எடுத்துத் தலைப்பாகையில் இடுகின்றனர். பின்பு எடுக்கவேண்டியவற்றுக்கு ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார். அடுத்து விழுவது குருவே. பட்டியலில் உள்ள உடைமைகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்கிறார்கள். குரு பட்டியலில் இல்லை! கிடந்த இடத்திலேயே அவர் ஓலையும் எழுத்தாணியும் வாங்கித் தம்மையும் சேர்த்து எழுதிய பின்னரே தூக்கப்படுகிறார்.

இவ்விடத்தில் நண்பர் சிரிக்கவில்லை. “இது என் வகுப்பு” என்று மட்டும் சொன்னார். கற்பித்தவர் எவருக்கும் இக்காட்சி தெரியும். குறைவாகச் சொன்னால் ஒன்றும் நடப்பதில்லை. மிகுதியாகச் சொன்னால் சாணமும் வந்து சேர்கிறது. எழுதிக் கொடுத்தாலோ எழுதாததற்கு இடமில்லை. சீடர்கள் கீழ்ப்படியாதவர்கள் அல்லர். கீழ்ப்படிதலே அவர்களுடைய குற்றம். மேலும் பட்டியலை எழுதியவர் குரு. அதில் தம்மை விட்டவரும் அவரே. 1727-இல் ‘வேதியர் ஒழுக்க’த்தை எழுதி, வேதியருக்குரிய கடமைகளையும் நற்பண்புகளையும் முறையாக வகுத்துத் தந்த அதே கை இதையும் எழுதிற்று என்பது நோக்கற்பாலது. அந்நூலில் ஆசிரியர் சீடருக்குப் பட்டியல் தருகிறார். இந்நூலில் அத்தகைய பட்டியலைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்காதவர் முனிவரைப் பாதியே அறிந்தவராவர்.

நம் கருத்துக்கு மறுப்பு எழும் என்பதை அறிவோம். இந்நூல் பிற சமயக் குருமாரை இழிவுபடுத்த எழுதப்பட்டது என்று குற்றம் சாட்டுவோர் உளர். அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வோர் நம்முள்ளும் உளர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். முனிவர் சமயவாதம் செய்யத் தயங்கியவர் அல்லர். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரைப் ‘பேதகமறுத்தல்’ முதலிய நூல்களில் நேர்நின்று மறுத்தவர். (அச்சபையாரின் தரங்கம்பாடி அச்சகமே 1738-இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது என்பது தனிச்சுவை.) வாதிட வேண்டுமானால் எதிரியைப் பெயர் சொல்லி வாதிட்டவர், இங்கே எந்தத் தெய்வத்தையும் எந்தக் கொள்கையையும் எதிர்த்து வாதிடவில்லை. கிளையின் நுனியில் அமர்ந்து அடியை வெட்டும் சீடனை எச்சரிக்கும் அறிவாளி இக்கதையில் ஒரு புரோகிதரே.

ஆயினும் குற்றம் சாட்டுவோரிடம் முற்றிலும் நியாயமில்லை என்று நாம் கூற மாட்டோம். மெய்ப்பொருளின் உச்சியைக் குறிக்கும் பெயரை ஒரு மூடருக்குச் சூட்டியதில் முள் இருக்கிறது. அந்த முள்ளை அவர் தம் பக்கமும் திருப்பி வைத்தார் என்பதே நம் வாதம். அதனைப் பிறர்மேல் மட்டும் எறிந்தவர்கள் பின்னர் வந்த நாம்.

நூலின் குறைகளையும் சொல்லவேண்டும். கதைகள் ஒன்றோடொன்று தளர்வாகவே கட்டப்பட்டுள்ளன. ஆசனம் குளிர்ந்தால் மரணம் என்ற முன்னறிவிப்பைச் சுற்றி ஓடும் பிற்பகுதி, குதிரை வாங்கும் முற்பகுதியின் விறுவிறுப்பை எட்டவில்லை. மிலேச்சன் என்று பெயரிட்டுவிட்டு அவனை மற்ற நால்வரினின்று வேறுபடுத்திக் காட்டாமல் விட்டது பெரிய இழப்பு. அவன் பேச்சு மட்டும் சற்றே பிறழ்ந்திருக்குமாறு எழுதியிருந்தால்? பயிற்சி நூலில் பிழைத்தமிழ் இடம்பெறலாகாது என்று ஆசிரியர் மனம் தடுத்திருக்கலாம்.

முனிவரின் நினைவைக் காத்ததில் நம் ஊருக்குப் பங்குண்டு. 1822-இல் அவர் வரலாற்றை எழுதியவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. தேம்பாவணியை 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது இங்குள்ள மிஷன் அச்சகம். அதே அச்சகத்தைச் சார்ந்து உழைத்த முசே, துய்புய் என்னும் அந்நியக் குருக்கள் இருவர் 1855-க்கும் 1862-க்கும் இடையே தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தந்தனர். அவர்களும் அங்காடியிலும் பள்ளியிலும் தடுமாறியே சொற்களைச் சேர்த்திருப்பர். காவியத்தையும் அகராதியையும் நாம் கண்ணாடிப் பேழையில் வைத்து மதிக்கிறோம். பரமார்த்த குருவையோ சிறுவரிடம் விட்டுவிட்டோம்.

நண்பரின் ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பிவிட்டார். சென்ற மாதம் ஞாயிறு மறையுரையில் தலைப்பாகைக் கதையை மறுபடியும் சொன்னோம். இம்முறை குருவின் இடத்தில் பங்குத்தந்தையை வைத்து, பட்டியல் எழுதிய நம் சுற்றறிக்கைகள் சிலவற்றையும் சேர்த்துச் சொன்னோம். வழக்கமான சிரிப்பு எழவில்லை. பின்வரிசை இளைஞர் இருவர் மட்டும் சிரித்தனர். பூசை முடிந்ததும் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் சாக்ரிஸ்தி வாசல்வரை வந்து, “சாமி, உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?” என்று விசாரித்துவிட்டுச் சென்றார்.