வரவழைக்கப்பட்டவர்கள்

2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற வாரத்தில், செய்திகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: மருத்துவர்கள் ‘வரவழைக்கப்பட்டனர்’. இலக்கணம் நடத்துகிறவள் நான். செயப்பாட்டு வினையைக் கண்டால் கேள்வி கேட்பது தொழில் பழக்கம். எங்கிருந்து வரவழைக்கப்பட்டனர்? பக்கத்து மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளிலிருந்து. அன்றிரவு அங்கே கேஷுவாலிட்டியில் அவர்களுடைய நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்பது நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. கட்டடம் புதிது. ஆனால் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிப்பதற்குள் மாற்று மருந்து ஏற்ற வேண்டும், டயாலிசிஸ் செய்ய வேண்டும். மூச்சு தடுமாறுகிறதா என்று படுக்கையருகே ஆள் நின்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அவசரப் பிரிவில் நான்கு நோயாளிகளுக்குக் குறைந்தது ஒரு நர்ஸ் என்பது 2004 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். நம் இந்திய நர்சிங் கவுன்சிலும் விகிதம் சொல்கிறது, பரிந்துரையாக.

பரிந்துரைக்கும் வார்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைப் பெண்களை வைத்தே நிரப்புகிறோம். 2015இல் தேர்வெழுதி வந்த எம்.ஆர்.பி. நர்ஸ்களுக்கு அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து நிரந்தரப் பணி கேட்டார்கள். ‘சேவை’, ‘தியாகம்’ என்ற சொற்கள் எனக்குச் சந்தேகமாவது இங்கேதான். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் அவை முந்திக்கொண்டு வருகின்றன. ‘சிஸ்டர்’ என்கிறோம், அக்காவுக்கு எந்த வீட்டில் ஓவர்டைம் கொடுத்தார்கள்?

நர்ஸின் கைக்கும் எட்டாத படுக்கையில் நிற்பவள் நோயாளியின் மனைவி. ட்ரிப் தீர்ந்தால் ஓடுபவள், வாந்தி துடைப்பவள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவள். எந்த ஊழியர் பட்டியலிலும் அவள் இல்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பாலிருந்து வரும் என் மாணவி வகுப்புப் பயிற்சியில் எழுதியிருந்தாள்: “அப்பாவை அட்மிட் பண்ணினாங்க. அம்மா அட்மிட் ஆகாமலே பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க.” அந்தப் பதினோரு நாள் கூலியும் போயிற்று. தங்கையைப் பார்த்துக்கொள்ள இவள் கல்லூரிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நான்தான் ‘ஆப்சென்ட்’ போட்டிருக்கிறேன். ராத்திரியில் அந்த வார்டுக்கு ஒரே சிஸ்டர்தானாம். நான்காம் நாள் அவர் அவள் அம்மாவிடம் சொன்னாராம்: “நீங்க இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?”