அடைப்புக்குறிக்கு உள்ளே: விம் எடிட்டரும் தமிழ்99-உம்

பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டரைப் பற்றி எழுதுவோர் அதன் வேகத்தையோ, அதிலிருந்து வெளியேறத் தெரியாமல் புதியவர்கள் திணறுவதையோ எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நீண்ட நாள் புழங்கிய பிறகு மனதில் நிற்பது இரண்டும் அல்ல. ஒரு சோடிக் குறிகளுக்கு நடுவில் இருப்பதை, அது எத்தனை எழுத்து, எத்தனை வரி என்று பாராமல், முழுதாகப் பிடித்துக்கொள்ளும் வசதிதான் நிற்கிறது. ஓர் உதாரணம்: தமிழ்நாட்டில் அகரம் என்ற பெயரில் ஊர்கள் பல. அதனால் முகவரிப் பட்டியல்களில் 'அகரம் (திண்டுக்கல்)' என்று மாவட்டத்தை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். கர்சர் அந்த அடைப்புக்குள் எங்கே இருந்தாலும் சரி, ஆங்கில விசைகளான சி, ஐ இரண்டையும் தட்டித் தொடக்க அடைப்புக்குறியையும் தட்டினால் 'திண்டுக்கல்' மறைந்து, புதிய பெயரை அடிக்க இடம் தயாராகிவிடும். குறிக்குப் பதில் பி என்ற எழுத்தும் போதும். ஷிப்டைத் தொட வேண்டியதில்லை. சதுர அடைப்பு, நெளி அடைப்பு, மேற்கோள்குறி எல்லாவற்றுக்கும் இதே இலக்கணம்தான். ஐ-க்குப் பதில் ஏ என்றால் குறிகளும் சேர்ந்து அகப்படும்.

இதை மவுஸாலும் செய்யலாமே, மற்ற எடிட்டர்களிலும் தேர்வை விரித்துக்கொண்டே போகும் விசை உண்டே என்று கேட்கலாம். ஒரே ஒரு தடவைக்கு அது சரி. வித்தியாசம் இரண்டாவது தடவையில் தெரியும். மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது 'இங்கிருந்து அங்கே வரை' என்றுதான் சொல்கிறோம். அந்தக் கட்டளை அடுத்த வரிக்குப் பொருந்தாது. விம்மிடம் 'அடைப்புக்குள் இருப்பதை மாற்று' என்று சொல்கிறோம். அடுத்த அடைப்புக்குள் போய்ப் புள்ளி விசையை ஒருமுறை தட்டினால் அதே மாற்றம் அங்கும் நடக்கும், உள்ளே இருப்பது 'தேனி' என்ற சின்னப் பெயரானாலும் 'கிருஷ்ணகிரி' என்ற நீண்ட பெயரானாலும். இதிலிருந்து ஒரு பழக்கம் வர வேண்டும். வி விசையால் முதலில் தேர்வு செய்து நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றினால், புள்ளி விசை பொருளை மறந்து அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். முதலில் தேர்ந்தது எத்தனை எழுத்தோ அத்தனையையே அடுத்த இடத்திலும் அழிக்கும். எனவே தேர்வைக் கண்ணால் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, கட்டளையையும் பொருளையும் நேராகச் சேர்த்துச் சொல்வதே இந்த வசதியின் முழுப் பயன். எதை அழிக்கப் போகிறோம் என்று முன்பே கண்டால்தான் நிம்மதி என்பவர்களுக்கு, தேர்வை முதலிலும் செயலைப் பின்பும் வைக்கும் ஹெலிக்ஸ் எடிட்டர் ஒத்துவரும்.

இனி தமிழுக்கு வருவோம். இந்த விமர்சனத்தின் வருத்தமெல்லாம் இங்கேதான். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ஆங்கில வி விசையில் வ இருக்கிறது, ஐ விசையில் ன, சி விசையில் ஒ. சதுர அடைப்புக்குறிகள் இருந்த இரண்டு விசைகளையும் ச-வும் ஞ-வும் எடுத்துக்கொண்டன. ஒற்றை மேற்கோள்குறியின் விசையில் ய. ஆக, இயங்குதளத்தில் தமிழை இயக்கிவிட்டு விம்மில் கட்டளை கொடுத்தால், கட்டளை எழுத்துகளும் குறிகளும் ஒருசேரத் தமிழாகிவிடும். எடிட்டருக்கு ஒன்றும் புரியாது. மொழியை மாற்றி, கட்டளை தட்டி, மறுபடி தமிழுக்கு வந்து ஊர்ப்பெயரை அடிக்க வேண்டும். மூன்று தட்டில் முடிகிற வேலை ஆறேழு தட்டாகும்போது, மிச்சமானதாகச் சொன்ன நேரம் எங்கே? தமிழில் எழுதுவோர் பலர் விம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகுவதற்கு இது நியாயமான காரணம்.

ஆனால் குறை தமிழ்99-இல் இல்லை. தமிழை எந்த அடுக்கில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இயங்குதளத்துக்கு, நாம் உரை எழுதுகிறோமா கட்டளை இடுகிறோமா என்று தெரியாது. எடிட்டருக்குத் தெரியும். விம்மின் 'கீமேப்' வசதி இந்த அறிவைப் பயன்படுத்துகிறது. அதில் ஏற்றிய எழுத்தமைப்பு உரை எழுதும் நிலையில்தான் முக்கியமாகச் செயல்படும். எஸ்கேப் தட்டியதும் கட்டளைகளுக்கு விசைகள் ஆங்கிலமாகவே இருக்கும், மறுபடி எழுதத் தொடங்கினால் தமிழ் தானே திரும்பும். சிக்கல் என்னவென்றால், விம்முடன் நெடுங்காலமாக வரும் தமிழ்க் கீமேப், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்காக எழுதப்பட்டது. யூனிகோடு உரையில் வேலை செய்பவருக்கு அது உதவாது. யூனிகோடில் தமிழ்99-க்கு ஒரு கோப்பு எழுதுவது நிரலாளர் வேலைகூட அல்ல: ஒரு பக்கம் தட்ட வேண்டிய விசைகள், மறுபக்கம் வர வேண்டிய எழுத்து, வரிக்கு ஒரு சோடி. க-வை இருமுறை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி வைப்பது போன்ற விதிகளுக்குத் தனி வரிகள் வேண்டும் என்பதால் கோப்பு நீளும். பொறுமை போதும்.

மேற்கோள்குறியில் விம்மே பதில் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. அது அறிந்தது நேரான குறியை மட்டும். திறப்புக்கும் மூடலுக்கும் அதில் ஒரே வடிவம் என்பதால் எது தொடக்கம் என்று தெரியாமல் வரியின் முதலிலிருந்து சோடி சேர்க்கிறது. மேற்கோள் இரண்டு வரிக்கு நீண்டால் கைவிரிக்கிறது. நம் பத்திரிகைகள் அச்சிடும் வளைந்த “ ” குறிகளிலோ திறப்பு வேறு, மூடல் வேறு. சோடி சேர்க்க எளிதானது இதுதான், அதைத்தான் இந்த வசதி கண்டுகொள்வதில்லை. 'மேட்ச்பேர்ஸ்' அமைப்பில் இந்தச் சோடியைச் சேர்த்தால் % விசை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும், அவ்வளவே. 'உள்ளே இருப்பது' என்று சொல்ல வழியில்லை. அதேபோல் நம் வினாத்தாள் வழக்கமும் இதற்குப் புரியாது. '(விருப்பப் பாடம்: அ) தமிழ் ஆ) வரலாறு)' என்ற வரியில் 'தமிழ்' மீது கர்சரை வைத்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது, அ-வுக்குப் பின்னுள்ள குறியோடு வெளி அடைப்பு முடிந்ததாக அது கணக்கிடும். இதற்கு எடிட்டரைக் குறை சொல்ல முடியாது, தனிக்குறியை நாம்தான் தவிர்க்க வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் 'நிரல்பாகம்' தொடங்கி 'முடி' வரை உள்ள பகுதி போன்ற சொற்சோடிகளையும், கூடுதல் அமைப்பு எழுதாமல் இது பிடிக்காது.

முடிவாக: பட்டியல், அகராதி, நிரல், குறிமொழி என்று அடைப்புகள் மலிந்த எதையும் தமிழில் கையாள்பவர் விம்மைத் தயங்காமல் எடுக்கலாம்; ஆனால் முதல் நாளே இயங்குதளத் தமிழை அணைத்துவிட்டுக் கீமேப்பில் தமிழை ஏற்றிக்கொள்ள வேண்டும். கதையும் கட்டுரையும் மட்டுமே எழுதுபவருக்கு இதைக் கற்கும் உழைப்புக்கேற்ற பலன் இல்லை. யூனிகோடு தமிழ்99 கீமேப்பைத் தமக்கென ஏற்கெனவே எழுதி வைத்திருப்பவர்கள் அதைத் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ளாமல் விம் திட்டத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.