வாசலில் நிற்பவளின் பெயர்

வீடியோ கேமைப் பத்தி இங்க என்னத்துக்கு எழுதணும் என்று தோழர்கள் கேட்கலாம். யாருக்குப் பேச்சு தரப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதுதானே நம் கேள்வி. அது ஒரு ஜப்பானிய விளையாட்டுக்குள்ளும் கிடக்கிறது.

'தோஹோ' விளையாட்டு வரிசைக்குக் கதை, படம், இசை, நிரல் எல்லாம் ஸுன் என்கிற ஒரே ஆள். 2002இல் வந்த ஆட்டம் ஒரு ரத்தக் காட்டேரியின் செந்நிற மாளிகையைச் சுற்றியது. எஜமானிக்கு முகம் உண்டு, வசனம் உண்டு. வழியில் குறுக்கிட்டு அடிபட்டுப் போகிற இரண்டு பேருக்கு ஒரு வார்த்தை கிடையாது, முகப்படமும் கிடையாது. ஒருத்தி 'தாய்யோசெய்', அதாவது பெரிய தேவதை. இன்னொருத்தி 'கோஅகுமா', குட்டிச் சாத்தான். ஆளுக்கு வைத்த பேரா இது? இனத்தின் பேர். ஆளைப் பார்க்காமல் இனத்தைச் சொல்லிக் கூப்பிடுவது என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்த ஊமைகளைப் பேசவைத்தவர்கள் ரசிகர்கள். அவர்கள் தாங்களே வரைந்து அச்சிட்டு விற்கும் படக்கதைகளை 'தோஜின்ஷி' என்கிறார்கள். இந்த விளையாட்டின் ரசிகப் படைப்புகளுக்கென்றே 'ரெய்தாய்சாய்' என்ற சந்தை 2004இல் தொடங்கியது. அந்தக் கதைகளில் குட்டிச் சாத்தான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறாள், குறும்பு செய்கிறாள். பெரிய தேவதை, பனித்தேவதை சிர்னோவுக்காகக் கவலைப்படும் தோழியாகிறாள். மூலப்பிரதி வீசியெறிந்ததை எடுத்து உயிர் கொடுத்த வேலை இது. மறுவாசிப்பு என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனா இதோட கொண்டாடி முடிச்சிட முடியாது. மாளிகை வாசலில் ஹோங் மெய்லிங் என்ற காவல்காரி நிற்கிறாள். இவளுக்கு மூலத்திலேயே பெயர் உண்டு, முகம் உண்டு, வசனமும் உண்டு. ரசிகர்கள் அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டு 'சூகோகு', அதாவது சீனா, என்று பட்டம் வைத்தார்கள். எந்நேரமும் தூங்குகிறவளாக, தலைமைப் பணிப்பெண் வீசும் கத்தி வாங்குகிறவளாக வரைந்தார்கள். 'என் பேரு மெய்லிங்' என்று அவள் கத்துவதும் யாரும் கேட்காததுமே சிரிப்பாயிற்று. அந்த 2002 ஆட்டத்தில் அவள் தூங்கவே இல்லை. வழிமறித்துச் சண்டை போடுகிறாள்.

அப்ப அந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது? வேலைக்காரி சோம்பேறி, வேற்று நாட்டுக்காரி கேலிக்குரியவள் என்று ரசிகர் மண்டைக்குள் ஏற்கெனவே இருந்ததிலிருந்து வந்தது. ஆசிரியர் விட்ட இடைவெளியில் வாசகரின் கற்பனை மட்டும் நுழைவதில்லை. அவர் சுமக்கும் மேல்கீழும் கூடவே நுழைகிறது.

அதே ரசிகர்களில் வேறு சிலர், 495 வருஷமாக வெளியே வராத எஜமானியின் தங்கை ஃப்ளாண்டரிடம் பிரியமாகப் பேசும் ஒருத்தியாக மெய்லிங்கை எழுதினார்கள். அங்கே அவளுக்கு மனசும் இருக்கிறது, பேரும் இருக்கிறது. ஆகவே ரசிகர் எழுதியதாலேயே ஒரு பாத்திரம் ஆழமாகிவிட்டது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேர்த்து எழுதியது அவளைத் திருப்பிப் பேச விடுகிறதா என்றுதான் பார்ப்பேன். நம் எழுத்தில் ஓரமாக வந்துபோகிறவர்களையும் இப்படிப் பார்க்கத்தான் வேண்டும் தோழர்களே. நாம் யாரை வாசலில் பேரில்லாமல் நிறுத்தியிருக்கிறோம்?