இன்சூரன்ஸ் வக்கீல் யாருக்கு வக்காலத்து?

விபத்து வழக்கில் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் வந்தால் கார் உரிமையாளர்கள் பலர் அதைப் பிரித்துப் படிப்பதுகூட இல்லை. ‘இன்சூரன்ஸ்காரங்க பார்த்துக்குவாங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மூன்றாம் நபரின் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்பீட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை என்பதால், வழக்கை நடத்துவது கம்பெனியின் கவலை. கவுண்டர் போடுவது, ஊன சதவீதம் எழுதிய டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்வது, ஹைகோர்ட் அப்பீல் என எல்லாம் அதன் செலவு. சொந்தக் காசில் இதற்கெல்லாம் ஃபீஸ் கட்டி மாளாது.

ஆனால் அந்த வக்கீல் வக்காலத்து போட்டிருப்பது கம்பெனிக்கு. எம்.சி.ஓ.பி. எனும் இழப்பீட்டு மனுவில் முதல் எதிர்மனுதாரரான உரிமையாளர், கோர்ட்டுக்கு வராததால் எக்ஸ்பார்ட்டி. இருவர் நலனும் ஒன்றாக இருக்கும்வரை குறையில்லை. டிரைவரின் லைசென்ஸில் கோளாறு என்றால்தான் சிக்கல். அதே வக்கீல் வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியரைக் கூண்டில் ஏற்றி அதை நிரூபிப்பார். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று உத்தரவாகும். இந்த வழியை உறுதி செய்த உச்ச நீதிமன்றத்தின் 2004 ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பு, உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்கிறது. ‘லைசென்ஸைப் பார்த்துத்தான் வேலைக்கு வைத்தேன்’ என்பது நல்ல எதிர்வாதம். சொல்லத்தான் கோர்ட்டில் ஆள் இல்லை.

கிரிமினல் வழக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கும் எதிர்வாதம் செய்யக் கம்பெனிக்குப் பாலிசி இடம் தருகிறது, ஆனால் ‘தன் விருப்பப்படி’. ஜாமீனும் ஃபீஸும் பெரும்பாலும் ஓட்டியவர் தலையில்தான். மரணம் என்றால் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகியிருக்கிறது. காயத்தோடு முடிந்த வழக்கில் பலர், அலைச்சல் வேண்டாமென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுகிறார்கள். அந்த ஒப்புதலின் நகல் தீர்ப்பாயத்தில் அஜாக்கிரதைக்குச் சான்றாவணமாக வந்து நிற்கும். அங்கே ஃபீஸை மிச்சம் பிடித்த கம்பெனி இங்கே லட்சக்கணக்கில் கட்டும். இது என்ன சிக்கனமோ!

கலிஃபோர்னியாவில் 1984 கியூமிஸ் வழக்குக்குப் பின், இப்படி நலன்கள் முரண்படும்போது பாலிசிதாரர் தனி வக்கீல் வைத்துக்கொள்ளக் கம்பெனியே ஃபீஸ் கட்ட வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை.