விலை சொல்லாத சக்தி ஆட்டத்தைக் கெடுக்கும்

மாடுபிடி வீரருக்குத் திமில் மட்டும்தான். கொம்பைப் பிடித்தாலும் வாலைப் பிடித்தாலும் களத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். பெரும்பாலான ஆண்டுகளில் தமிழகத்தின் முதல் வாடிவாசல் நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் திறப்பதால், புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வீரருக்கு எது மறுக்கப்பட்டிருக்கிறதோ, அங்கேதான் அவருடைய திறமை பிறக்கிறது.

அந்தக் கண்ணோடுதான் இந்த வாரம் வேறொரு களத்தைப் பார்க்கப் போகிறோம். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-இல் வெளியானது. நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள். "கோட்டை மதிலில் ஏறுகிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண் ஏறினாரா, சறுக்கினாரா என்று சொல்லும். பாத்திரம் வாள்வீரரா, திருடரா, மந்திரவாதியா, பூசாரியா என்பதற்குக் 'கிளாஸ்' என்று பெயர்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தொடக்கத்தில் பையன்கள் கூடி ஆடுவது இதைத்தான். அதே தொடரில் லெவன் என்ற சிறுமி கதவைத் தொடாமலேயே சாத்துவாள். சாத்திய கையோடு அவள் மூக்கிலிருந்து ரத்தம் வழியும். அந்த ரத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அலசலே அதைப் பற்றியதுதான்.

2025 மே மாதம், இந்த ஆட்டத்தை நடத்தும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 'சையான்' என்ற புதிய கிளாஸை வெள்ளோட்டம் விட்டது. மந்திரமும் தெய்வ அருளும் இல்லாமல், மன வலிமையால் மட்டுமே காரியம் சாதிப்பவர் இவர். இதற்குள் நான்கு பிரிவுகள்: தன் உடலை உருமாற்றுபவர், கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் பெயர்பவர், பொருள்களை மனத்தால் நகர்த்துபவர், பிறர் மனத்தோடு பேசுபவர். அணிமா, மகிமா, பரகாயப் பிரவேசம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆட்டக்காரர்களுக்கோ இது பெரிய செய்தி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனமே அச்சிட்டுச் சேர்த்த புதிய கிளாஸ் அதுவரை ஒன்றுதான், 2019-இல் வந்த 'ஆர்ட்டிஃபிஸர்'.

முதலில் பழைய ஆட்டக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மனோசக்தி இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது 1976-இல், 'எல்ட்ரிச் விஸார்ட்ரி' என்ற துணைநூல் வழியாக. அந்தக் காலத்தில் அது உழைத்துப் பெறுவதாக இல்லை. பாத்திரத்தை உருவாக்கும்போது பகடை உருட்டி, அரிதாக ஒருவருக்குக் கிடைக்கும் பரிசுச் சீட்டு மாதிரி இருந்தது. 1991-இல் அதற்கென்று தனிக் கிளாஸும் தனி நூலும் வந்தன. அதே ஆண்டு வெளியான 'டார்க் சன்' என்ற பாலைவன உலகத்தில் மனோசக்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. 2001-இலும் 2004-இலும் வந்த நூல்கள் சக்திப் புள்ளி முறையைக் கெட்டிப்படுத்தின. குடத்து நீரை மொண்டு மொண்டு செலவழிப்பது போல, கையிருப்புப் புள்ளிகளை வேண்டிய அளவு எடுத்துச் செலவிடும் முறை அது. பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் ஏங்குவது அந்தக் குடத்துக்குத்தான்.

ஐந்தாம் பதிப்பில் நடந்த முதல் முயற்சி தோற்றது. 2015, 2016, 2017 என்று மூன்று முறை 'மிஸ்டிக்' என்ற கிளாஸை வெள்ளோட்டம் விட்டார்கள். 2017 வடிவத்தில் ஆறு மரபுகள். புள்ளிகளும் உண்டு, 'டிசிப்ளின்' என்ற பெயரில் நீண்ட சக்திப் பட்டியலும் உண்டு. அந்தக் கிளாஸ் எங்கே சறுக்கியது? பலம் போதாமல் அது வீழவில்லை. வாள்வீரர் போல் அடித்தது, பூசாரி போல் காயம் ஆற்றியது, திருடர் போல் மறைந்தது, மந்திரவாதி போல் மனத்தை மயக்கியது. மேசையில் ஐந்து பேர் இருக்கும்போது ஒருவரே ஐவரின் வேலையையும் பார்த்தால் மற்ற நால்வருக்கும் என்ன மிச்சம்? நீச்சல் தெரிந்தவருக்கு ஆற்றங்கரையிலும், பூட்டுத் திறக்கத் தெரிந்தவருக்குக் கதவடியிலும் ஒரு நேரம் வர வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் அவர் மாலை முழுக்கக் காத்திருக்கிறார். அதைப் பறிக்கிற கிளாஸ், எண்களில் எவ்வளவு சரியாக இருந்தாலும் கெட்ட கிளாஸ்தான்.

வடிவமைப்பாளர்களும் அதை ஒப்புக்கொண்டு மிஸ்டிக்கைக் கைவிட்டார்கள். 2020 ஏப்ரலில் ஒரு புதுமையை முயன்றார்கள். மனோசக்திக்கு ஒரே பகடை. அதில் உச்ச எண் விழுந்தால் அடுத்த முறை அதைவிடச் சிறிய பகடை. ஒன்று விழுந்தால் பெரிய பகடை. நன்றாக வாய்த்தால் சக்தி வற்றும், தவறினால் ஊறும். கிணற்றுத் தண்ணீரின் குணம் கொண்ட அழகான யோசனை அது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' நூலில் அந்தப் பகடை இல்லை. எண்ணிச் செலவழிக்கும் பகடைத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. மனோசக்தியும் தனிக் கிளாஸாக வராமல், வாள்வீரர், திருடர் முதலிய பழைய கிளாஸ்களின் உட்பிரிவுகளாகப் பிரிந்து போனது.

இந்தப் பின்னணியில்தான் சையான் வந்தார். வந்ததும் ஆட்டக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்.

முதல் அணிக்கு மகிழ்ச்சி. பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு மனோசக்திக்குத் தனி வீடு கிடைத்தது என்கிறார்கள். அடுத்த ஓய்வு வரை இத்தனை மந்திரம்தான் என்று எண்ணிவைக்கும், மந்திரவாதிக்கு உள்ள அதே 'மந்திர வாய்ப்பு' முறையில் சையான் இயங்குவதால், புதியவருக்கும் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். கதை நடத்துபவர் இன்னொரு கணக்கைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்றிருக்கும் மேசைகளில் இது சின்ன வசதி இல்லை.

இரண்டாம் அணிக்கு மனக்குறை. மந்திரப் பட்டியலும் மந்திர வாய்ப்பும் இருந்தால் அவர் உடுப்பு மாற்றிய மந்திரவாதிதானே என்பது அவர்கள் கேள்வி. மந்திரத்தைக் கலைக்கும் மந்திரம் மனோசக்தியையும் கலைக்குமானால், இரண்டும் ஒன்று என்றுதானே ஆகிறது? பழைய சக்திப் புள்ளி எங்கே போனது?

என் கணிப்பில் இரண்டாம் அணி நோவது சரியான இடத்தில்தான், மருந்துதான் தவறு. புள்ளி வந்தால் குறை தீராது, மிஸ்டிக்கிடமும் புள்ளி இருந்தது. சையானிடம் மனோசக்திப் பகடைகள் இருக்கின்றன. செலவழித்தால் குறைகின்றன, ஓய்வெடுத்தால் திரும்புகின்றன. கணக்கு நேர்தான். ஆனால் அந்தச் செலவு அவர் உடம்பில் தெரியவில்லை. லெவனின் மூக்கில் வழிந்த ரத்தம் இங்கே இல்லை.

செலவு உடம்பில் தெரிவது சாத்தியம்தான் என்று பிற நிறுவனங்கள் காட்டியிருக்கின்றன. பைஸோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தில் 2022-இல் வந்த 'சைக்கிக்' கிளாஸைப் பாருங்கள். அவர் மனத்தைக் கட்டவிழ்த்துவிட்டால் அடி இரட்டிப்பு வேகத்தில் விழுவது போலிருக்கும். இரண்டு சுற்று முடிந்ததும் மூளை மழுங்கித் தடுமாறுவார். 2023-இல் எம்சிடிஎம் நிறுவனம் வெளியிட்ட 'டேலன்ட்' கிளாஸில் பெரிய சக்தியை எடுக்கும்போது உடலிலோ மனத்திலோ ஆன்மாவிலோ அழுத்தம் ஏறும். இன்னொரு முறை துணியலாமா, இத்தோடு நிறுத்தலாமா என்று ஆட்டக்காரர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற அந்த நொடியில் மேசையே மூச்சடக்கி அவரைப் பார்க்கிறது. அவருடைய சக்தி அப்போதுதான் எல்லோருக்கும் சொந்தமான கதையாகிறது.

இதை நாம் அமெரிக்காவிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சுற்றில் சித்தன்னவாசல் இருக்கிறது. ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் ஏழடிப்பட்டம் வரை ஏறுவதில்லை. மலையின் செங்குத்தான கிழக்குப் பக்கக் குகையில் சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் சற்றே உயர்ந்திருக்கும். அவற்றில் பெரிய படுக்கையில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே பொறித்த தமிழி எழுத்து.

அந்தத் துறவிகளின் மரபு அறிவை ஐந்தாக வகுத்தது: மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம். தொலைவில் இருப்பதை அறிவது அவதி. தேவர்களுக்கும் நரகர்களுக்கும் அது பிறப்பிலேயே உண்டு என்பார்கள். பிறர் மனத்தில் ஓடுவதை அறியும் மனப்பரியயம் அப்படிக் கிடைப்பதில்லை. புலனடக்கத்தில் ஊறிய துறவிக்கு மட்டுமே அது கைகூடும். தேவருக்கும் இல்லாத ஒன்று, கல்லில் படுத்தவருக்கு உண்டு. 1976-இன் பரிசுச் சீட்டுக்கும் இன்றைய ஆட்டக்காரர்கள் கேட்கும் கிளாஸுக்கும் உள்ள வேறுபாட்டை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவைத்த கோட்பாடு இது.

ஆட்டத்தை நடத்துகிறவர்களைப் பாராட்டியே ஆக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. தேரை வீதியில் இழுப்பதற்கு முன் வெள்ளோட்டம் விடுவது நம் வழக்கம். அச்சு முனகுகிறதா, எந்தத் திருப்பத்தில் சாய்கிறது என்று வடம் பிடித்தவர்கள்தான் சொல்வார்கள். 2012-இல் தொடங்கிய ஐந்தாம் பதிப்பின் வெள்ளோட்டத்தில் 1,75,000-க்கும் மேற்பட்டோர் வடம் பிடித்தார்கள். மூன்று முறை விட்டுப் பார்த்த மிஸ்டிக்கை ஆட்டக்காரர் சொல் கேட்டு ஷெட்டில் நிறுத்தியது பெரிய பண்பு. விதியை மாற்றிவிட்டு ஆடுகிறவரிடம் அப்புறம் சொல்கிற விளையாட்டு அமைப்புகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சையானை உங்கள் மேசைக்கு அழையுங்கள். அழைப்பதற்கு முன் எல்லோரும் கூடி ஒரு விதி பேசுங்கள்: பெரிய சக்தியை எடுத்தால் அவர் எதை இழப்பார்? ஒரு சுற்றுப் பேச்சையா, பார்வையையா, அன்றிரவுத் தூக்கத்தையா? அது புத்தகத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேசி முடிக்கும்போது அந்தப் பாத்திரத்தின் கதையில் பாதி உங்கள் கையில் இருக்கும்.

பேச்சு பிடிபடாவிட்டால் ஒரு நாள் அதிகாலையில் ஏழடிப்பட்டம் ஏறிப் போங்கள். பக்கத்தில் நின்று ஒரு படுக்கையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். ஒரு ஆள் புரண்டு படுக்கக்கூட இடம் போதாது. பிறர் மனத்தை அறிய விரும்பியவர் கொடுத்த விலை அங்கே கல்லாகக் கிடக்கிறது.